கட்டு முதலில், காயம் பிறகு

உன் மடிக்கணினியைத் திறந்ததும் நீலகிரித் தைலத்தின் வாசம் எழுந்தது. விசைகளின் இடுக்கில் அது இன்னும் குடியிருக்கிறது. சிதம்பரத்தில் மருந்துக்கடை நடத்தியவன் நீ. அலமாரிகளில் எத்தனையோ களிம்புகள் இருந்தும், கடைசி மழைக்காலம் முழுவதும் இந்தத் தைலத்தைத்தான் நெஞ்சில் தேய்த்துக்கொண்டிருந்தாய். கேட்டபோதெல்லாம், "சளிடா ஆபீசர், வேற ஒன்னும் இல்ல" என்றாய். அது சளி அன்று, இதயம் என்பது உனக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே இந்த வாசத்தை என்னால் வெறும் அன்போடு முகர இயலவில்லை. ஒன்றை மறைத்தவன் இன்னொன்றையும் மறைத்திருக்கக்கூடும் என்பது என் தொழிலின் முதல் பாடம். தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைப்பவன் நான். தட்டு சமமாக நின்றால் மற்றவர்களுக்குப் போதும். நான் தட்டைத் தூக்கி, அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

இம்முறை நான் தூக்கிப் பார்த்தது உன் தட்டை.

சென்ற வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மகள் கயல், காப்பித் தம்ளரை வைத்த கையோடு விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, அப்பாவுக்கு வருஷம் வருது. தெவசத்த வீட்டோட முடிச்சுக்கிறோம். அடுத்த ஞாயித்துக்கெழம டியூஷன் சென்டர் மாடியில படம் போடலாம்னு இருக்கோம். அப்பா மாசாமாசம் படம் போடுவாரே, அதே எடம், அதே ஆளுங்க. நீங்கதான் பேசணும்."

"எந்தப் படம்?"

"கேக்கறீங்க பாருங்க. ஓநாய் படந்தான். அதுல நல்லது எது, சொத்த எதுன்னு ஒங்கள விட்டா யாரு சொல்லுவாங்க?"

"அது எங்கயும் கெடைக்கலன்னு உங்கப்பன் சொல்லிட்டிருந்தானே?"

அடுப்படியிலிருந்து உன் மனைவி செல்வி எட்டிப் பார்த்தாள். "கெடைக்கலையா? நல்லாருக்கே கத. எத்தினியோ வருஷமா இந்த லேப்டாப்புலதான் வச்சிருக்காரு. முழுசா எங்க பாத்தாரு? ஆரம்பத்துல கொஞ்ச நேரம் பாப்பாரு, தனியா சிரிச்சுக்குவாரு, மூடி வச்சிருவாரு. அண்ணனுக்கும் காட்டுங்கன்னா, ஆபீசர்கிட்ட இதப்பத்தி மூச்சு விடக்கூடாதுன்னுட்டாரு."

"ஏம்மா?"

"அத நீங்கதாண்ணா சொல்லணும். ஒங்க ரெண்டு பேரு சண்டைக்கு நடுவுல நான் என்னிக்கி வந்திருக்கேன்?"

காப்பி ஆறிவிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, "ஒரு தடவ மறுபடி பாத்தா தீந்துபோற விஷயம்டா இது" என்று நான் சொல்லும்போதெல்லாம், "எங்க கெடைக்குது, கெடச்சா பாக்க மாட்டமா?" என்று முகம் மாறாமல் சொன்னவன் நீ. அந்த முகத்தை இப்போது ஒவ்வொரு ஞாயிறாக நினைவிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் படத்தை நாம் பார்த்தது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த நாட்களில். திருப்பாதிரிப்புலியூர்த் திரையரங்கில் காலைக் காட்சியாகப் பழைய ஆங்கிலப் படங்கள் ஓடும். பேருந்து ரயில்வே கேட்டில் நின்றுவிட, நாம் உள்ளே நுழைந்தபோது படம் தொடங்கிச் சிறிது நேரம் ஆகியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். மலையடிவாரத்தில் ஓர் ஊர். ஆட்கள் கழுத்து கிழிந்து கிடக்கிறார்கள். அதை விசாரிக்க நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருக்கிறார். ஆங்கில வசனத்தில் பாதி மின்விசிறி இரைச்சலில் கரைந்தது. மீதிப் பாதி நமக்குப் புரியவில்லை. நடுவில் திரை வெளுத்து விளக்குகள் எரிந்தன. கூட்டம் விசிலடித்தது. நீ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாய். மறுபடி படம் ஓடத் தொடங்கியபோது, அதிகாரி தன் அறையில் கையில் கட்டோடு நாற்காலியில் அமர்ந்து ஓநாயாக மாறிக்கொண்டிருந்தார். அதற்கும் வெகுநேரம் கழித்து, மூடுபனியில் ஒரு மரப்பாலத்தின் மேல், வேறொரு ஓநாய் அவர் கையைக் கடித்தது.

வெளியே வந்ததும் டீக்கடையில் நான்தான் தொடங்கினேன். "கட்டு மொதல்ல, காயம் அப்பறமா? படம் எடுத்தவனுக்குக் கணக்குத் தெரியாதா? கடிபட்டவன்தான் ஓநாயாவான்னு அவங்களே விதி வச்சிட்டு, அவங்களே மீறுறாங்க."

நீ கண்ணாடித் தம்ளரை உயர்த்திப் பிடித்தபடி சொன்னாய்: "மச்சான், அதாண்டா படமே. கடி சும்மா சாக்கு. ஓநாய் அவனுக்குள்ள முன்னாடியே இருக்குது. கடிச்சப்பறம்தான் அவனுக்கே தெரியுது."

"அப்போ கட்டு?"

"எதையோ மறைக்கிறான். காயம் இருந்தாத்தான் கட்டணுமா?"

அதற்கு நான் சொன்ன பதிலையும், அதற்கு நீ சொன்ன பதிலையும், பிறகு நான் கடலூரில் வேலைக்குச் சேர்ந்து, நீ சிதம்பரத்தில் கடை திறந்து, ஞாயிறுதோறும் நான் பேருந்தேறி வரத் தொடங்கியபின் அவற்றுக்கு நாம் சேர்த்த கிளைகளையும் எழுதினால் இந்த மடல் முடியாது. வேறு எத்தனையோ பேசினோம். ஆயினும் பேச்சு எங்கே போனாலும் கடைசியில் அந்தப் பாலத்துக்கு வந்துவிடும். "என்னா ஆபீசர், இன்னும் அந்தக் கட்ட அவுக்கலையா?" என்பாய். உன் கடைக்கு வருபவர்கள்கூட, மாத்திரை வாங்கிய சில்லறையை எண்ணிக்கொண்டே, "இன்னிக்கும் ஓநாயா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

படத்தின் மற்றக் குறைகளில் நமக்குள் பெரிய பூசல் இல்லை. அந்த ஊரில் என்றைக்குமே முழுநிலவுதான். நான் அதைச் சொன்னால், "சினிமா நெலா என்ன பஞ்சாங்கம் பாத்தா வரும்?" என்பாய், ஆனால் சிரித்துவிடுவாய். அதிகாரி உருமாறுகையில் முகத்தில் மயிர் திட்டுத்திட்டாகக் கூடுகிறது. அதற்குள் பின்னால் தொங்கும் திரைச்சீலையின் மடிப்பு மாறிவிடுகிறது, நாற்காலியின் நிழல் தாவுகிறது. முழு ஓநாய் வெளிச்சத்துக்கு வந்ததும் பயம் செத்துப்போகிறது. "தேங்காநாரு மூஞ்சி" என்று பெயர் வைத்தவனே நீதான். கிழிந்துபோன சட்டை மறுநாள் காலையில் பொத்தான் உட்பட முழுசாக இருக்கிறது. கதாநாயகிக்கு மயங்கி விழுவதைத் தவிர வேலை இல்லை. ஓநாயைச் சுட, ஊரார் விருந்து மேசையின் வெள்ளிக் கரண்டிகளை உருக்கிக் குண்டு வார்க்கிறார்கள். அந்தக் கரண்டிகளின் எடைக்கு அத்தனை குண்டுகள் தேறா என்று நான் சொன்னபோது, "சீல் வச்ச கரண்டியா இருக்கும்டா" என்று நீ வாயை அடைத்தாய். இறுதியில் பாதிரியார் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறார். அவர் பேசப் பேசப் படம் சிறுத்துக்கொண்டே போகிறது.

நிறைகளும் உண்டு. அவற்றை நீ காட்டித்தான் நான் கண்டேன். முன்பாதியில் ஓநாய் கண்ணில் படுவதே இல்லை. கவிழ்ந்து கிடக்கும் பால் வாளி, விறைக்கும் குதிரைக் காதுகள், ஓடிக்கொண்டிருந்த மாவு ஆலைச் சக்கரம் திடீரென நிற்பது, இவ்வளவே. இசைகூட இல்லை. பிறகு அந்த விருந்துக் காட்சி. ஊரே ஒரு மேசையில் அமர்ந்திருக்கிறது. தங்களுள் ஒருவன்தான் அது என்று எல்லோருக்கும் தெரியும். ரொட்டியை நீட்டும் கையை வாங்குகிறவன் பார்க்கிறான். வாங்கும் கையை நீட்டுகிறவன் பார்க்கிறான். ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. "இங்க பயம் ஓநாயப் பாத்து இல்லடா, பக்கத்துல ஒக்காந்து திங்கறவனப் பாத்து" என்று நீ சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

உன் கணினியோடு கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் பிற்பகல் கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் போட்டேன்.

முதலில் பாலம் வந்தது. பிறகு கட்டு வந்தது. அதற்குப் பிறகுதான் உருமாற்றம்.

நான் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தேன். ஐயமே இல்லை. காயம் முதலில், கட்டு பிறகு. விதி மீறப்படவில்லை. அன்று திரையரங்கில் விளக்கு எரிந்ததன் காரணம் அப்போதுதான் உறைத்தது. அக்காலத்தில் ஒரே பிரதியை இரண்டு திரையரங்குகள் பகிர்ந்துகொள்வதுண்டு. ஓரிடத்தில் ஓடி முடிந்த சுருள்களைப் பெட்டியில் போட்டு, மொபெட்டில் அடுத்த இடத்துக்குக் கொண்டுவருவார்கள். அன்று பெட்டி மாறி வந்திருக்கிறது. கூட்டம் கத்தியதில், கையில் கிடைத்த சுருளை முதலில் ஓட்டிவிட்டு, பிந்தி வந்ததைப் பிறகு ஓட்டியிருக்கிறார்கள். உலகில் எங்கும் இல்லாத ஒரு படத்தை அன்று காலை நாம் பார்த்தோம். அந்தப் படத்துக்காகத்தான் நான் குற்றம் சாட்டினேன். அந்தப் படத்துக்காகத்தான் நீ வாதாடினாய்.

இதுவரை நகைக்கத்தக்கதே. ஆனால் உனக்கு இது தெரியும். பல ஆண்டுகளாகத் தெரியும். சரியான வரிசையில் கடி முன்னே வந்துவிட்டால், ஓநாய் முன்பே உள்ளே இருந்தது என்ற உன் கட்சிக்கு நிற்க இடமில்லை. தோற்றுவிட்டாய் என்பதை அறிந்து, அதை மறைத்து, ஞாயிறுதோறும் எனக்கு முன்னே தேநீர்த் தம்ளரை உயர்த்தியிருக்கிறாய். என் முடிவு அதுதான். தைல வாசம் அறையில் பரவியிருந்தது. சளி என்றதும் கெடைக்கல என்றதும் ஒரே குரலில் சொன்னவை. அந்தக் குரலில் நான் நம்பிய மற்றவை எவை? நீ எனக்குச் சொன்ன எல்லாவற்றின் அடியிலும் விரலை விட்டுத் தடவிப் பார்க்கும் மனநிலைக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு பேச்சுக்கு முதல் வாக்கியத்தை அன்றே அமைத்துக்கொண்டேன்: 'இந்தப் படத்தை உங்களுக்கு அறிமுகம் செய்தவர், இதைப் பற்றிய உண்மையை மறைத்தவர்.' செல்வியும் கயலும் முன் வரிசையில் இருப்பார்கள் என்று தெரிந்தே அமைத்தேன். உண்மைக்கு உறவுமுறை கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஒரு குற்றச்சாட்டை எழுதிவிட்டால் அதையும் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். செல்வி சொன்ன ஒன்று அதில் பொருந்தவில்லை. நீ ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாய் என்றாள். சுருள் மாறியதை எண்ணிச் சிரிப்பவன் படத்தின் நடுப்பகுதி வரை பார்த்தாக வேண்டும். பாலம் அங்கேதான் இருக்கிறது. ஆரம்பத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? அன்று ரயில்வே கேட்டில் நின்றதால் நாம் பார்க்காத பகுதி அது. முதல் முறை பார்த்தபோதும் நான் சுருள்களின் வரிசையில் கண்ணாக இருந்ததால் அதை மேலோட்டமாகவே கடந்திருந்தேன்.

மறுபடியும் போட்டேன்.

மழை. ஒரு விடுதிக் கூடம். நனைந்த பயணிகள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். விடுதியின் நாய் ஒவ்வொருவரிடமும் ஓடி வாலை ஆட்டுகிறது, கையை நக்குகிறது. கடைசியாக அதிகாரி வருகிறார். தொப்பியைக் கழற்றி, பையைத் தரையில் வைக்கிறார். நாய் நிற்கிறது. காது மடிகிறது. ஓசையின்றிப் பின்வாங்கி, பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. படத்தில் எவரும் அதைக் கவனிப்பதில்லை. காமிராவும் அதை நெருங்கிக் காட்டுவதில்லை. திரையின் ஓரத்தில் அது தானாக நடந்து முடிகிறது. இறுதியில் எல்லாவற்றையும் விளக்கும் பாதிரியார்கூட அந்த நாயைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பாலத்துக்கு வெகு முன்னால். கடிக்கு வெகு முன்னால்.

நான் கணினியை மூடவில்லை. உன் கட்சி விழவில்லை. அது சுருள் மாறிய படத்தில் நொண்டிக்கொண்டிருந்தது. சரியான படத்தில்தான் நேராக நிற்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ இந்தக் கணினியை என் பக்கம் திருப்பி, ஒரே நிமிடத்தில் என்னை வென்றிருக்கலாம். நான் விதிப்படி ஒப்புக்கொண்டிருப்பேன். நீ அதைச் செய்யவில்லை.

ஆகவே என் ஐயம் தீரவில்லை; இடம் மாறிற்று. தோல்வியை மறைப்பவனை எனக்குத் தெரியும். நாள்தோறும் கடைத்தெருவில் சந்திக்கிறேன். வெற்றியை மறைப்பவனை நான் எங்கும் கண்டதில்லை. நான் பேருந்தேறி வருவது நின்றுவிடும் என்று பயந்தாயா? அல்லது நான் கட்டையும் காயத்தையும் வைத்துச் சூடாக வாதாடுவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாயா? இரண்டையும் உன்னால் ஒரே முகத்தோடு செய்ய முடியும். கடைசியாக நான் வந்த ஞாயிறு, கடையின் ஷட்டரை இறக்கும்போது, நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "ஒன் கட்சியில ஒரு ஓட்ட இருக்குது ஆபீசர். இருக்கட்டும். அடுத்த வாரம் வா." நான் வந்தேன். உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

ஒருவேளை நீ அந்த நாயைக் கவனிக்கவே இல்லையோ என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. அதையும் எழுதிவைப்பதுதான் முறை. வேறு எதற்காகவோ சிரித்திருக்கலாம்; மழையில் நனைந்து வரும் அந்தப் பருத்த வணிகனைப் பார்த்துச் சிரித்திருக்கலாம்.

ஞாயிறு காலை டியூஷன் சென்டர் மாடி நிறைந்திருந்தது. உன் கடைக்கு எதிரே டீ ஆற்றுகிறவர் முதல், உன்னிடம் பிரஷர் மாத்திரை வாங்கிய ஓய்வுபெற்ற தாசில்தார் வரை எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, அமைத்து வைத்திருந்த முதல் வாக்கியத்தை விட்டுவிட்டேன். நிலவையும், திரைச்சீலை மடிப்பையும், கரண்டிகளின் எடையையும் சொன்னேன். தேங்காநாரு மூஞ்சி என்பது உன் சொல் என்று அறிவித்தேன், சிரித்தார்கள். விருந்துக் காட்சியில் கைகளைப் பாருங்கள் என்றேன். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

படம் தொடங்கியது. மழை, கூடம், பயணிகள். நான் திரையைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருத்த வணிகன் வந்தான், போனான். அவளிடம் மாற்றம் இல்லை. அதிகாரி வந்து பையை வைத்தார். நாய் காதை மடித்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று.

"இங்கதாண்ணா" என்றாள் செல்வி, மெல்ல. "இந்த எடத்துலதான் சிரிப்பாரு. நாயி உள்ள போவும், டக்குனு மூடிருவாரு."

கயல் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு நம் வழக்கு முழுவதும் பாடம். படம் முடிந்து விளக்கு போட்டதும், எல்லோரும் கேட்கும்படியே கேட்டாள்: "மாமா, கடிக்கறதுக்கு முன்னாடியே நாயி அவனப் பாத்து ஒதுங்குது. அப்போ அப்பாதான் ஜெயிச்சாரா?"

டீக்கடைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஆமா சார், சொல்லுங்க. எங்க காது புளிக்கப் பேசினீங்களே ரெண்டு பேரும். தீர்ப்ப சொல்லிட்டுப் போங்க."

உண்மையைச் சொல்வதானால் ஆம் என்பதே பதில். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நாய் அவனைப் பாத்துத்தான் ஒதுங்கிச்சுன்னு என்ன ஆதாரம்? அவன் பைய கீழ வச்சதுக்கு அப்பறம்தான் ஒதுங்குது. பையில என்ன இருந்துச்சுன்னு படத்துல எங்கயாவது காட்டினாங்களா?"

அந்த மாடியே சிரித்தது. தாசில்தார் கைத்தடியால் தரையைத் தட்டினார். "பைக்குப் பயந்த நாயா! நல்லாருக்குய்யா ஒன் ஞாயம்" என்றார். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவரு மட்டும் இருந்திருந்தா ஒங்கள சும்மா விட்டிருக்க மாட்டாருண்ணா" என்றாள்.

"அடுத்த மாசமும் இதே படத்தப் போடுவோம் மாமா" என்றாள் கயல். "பையப் பாக்கணும்."

திரும்பும்போது பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கையில் உன் பதிலை நானே அமைத்துப் பார்த்தேன். 'பைக்குப் பயந்துச்சுன்னா, பைய அவன் மாடிக்கு எடுத்துட்டுப் போனப்பறம் நாயி வெளிய வந்திருக்கணுமேடா ஆபீசர், ஏன் வரல?' என்பாய். தம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொல்வாய். நல்ல கேள்வி. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். நாய் வெளியே வரத்தான் இல்லை.

உன் கணினி இப்போது என் மேசையில் இருக்கிறது. கயல் திருப்பித் தரவேண்டாம் என்றுவிட்டாள். தைல வாசம் குறைந்துகொண்டு வருகிறது, இன்னும் போய்விடவில்லை. நெஞ்சுவலியை மறைத்ததற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை, அது வேறு கணக்கு. நாயை மறைத்தது ஏன் என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் உன் கட்சியில் ஓர் ஓட்டை இருக்கிறது. நேற்று பிற்பகல்தான் கண்டேன். விடுதிக் காட்சியில், நாய் நகர்வதற்குச் சற்று முன், கூடத்தின் இடப்பக்கத்தில் அதற்கான ஆதாரம் தெளிவாகத் தெரிகிறது.

இருக்கட்டும். அதை நானும் எவரிடமும் சொல்வதாக இல்லை.